ஏழாவது மாடியிலிருந்து கோயம்புத்தூர்

1996 டிசம்பர், முதல் சனிக்கிழமை. வால்பாறையில் காலை பஸ் ஏறியதிலிருந்து கேமராப் பையை மடியை விட்டு இறக்க எனக்கு மனம் வரவில்லை. நம் தேவாலய ஆண்டு மலருக்கு இரண்டு வண்ணப் படங்கள் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூர் நகரத்தின்மேல் சூரியன் மறைவது ஒன்று, உதிப்பது ஒன்று. கடைவீதியில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று முகங்களையே எடுத்துப் பழகியவள் நான். ஒரு நகரத்தை எப்படி நிற்கவைத்து எடுப்பது?

இந்த மலரைப் படிக்கும் எஸ்டேட்காரர்களில் பலர் பொள்ளாச்சியைத் தாண்டியதில்லை என்பதால் வழியையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் ஆழியாறு. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி அறுபத்து நான்கு கிலோமீட்டர். அங்கிருந்து கோயம்புத்தூர் உக்கடத்துக்கு இன்னொரு நாற்பது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை நேராகப் போகிறது. வளைவே இல்லாத அந்தச் சாலையில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

உக்கடத்தில் என் தங்கை ஜெசிந்தா காத்திருந்தாள். பீளமேட்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு அவள்தான் பொறியாளர். நகரம் முழுக்கத் தெரிகிற உயரமான இடம் வேண்டும் என்று போனில் சொன்னதுமே, "என் சைட்டுக்கு வாக்கா" என்றிருந்தாள். அந்த 'என்' என்ற சொல்லைப் பஸ்ஸில் நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

மாலை ஐந்தேகாலுக்கு அங்கே போனோம். லிஃப்ட் இன்னும் வரவில்லை, படிகளுக்குக் கைப்பிடியும் இல்லை. "கீழ பாக்காதக்கா, படியை மட்டும் பாரு" என்றபடி ஜெசி முன்னால் ஏறினாள். வழியில் எதிர்ப்பட்ட கொத்தனார்கள் ஒதுங்கி நின்று, "வாங்க மேடம்" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. மேடம் என்றால் எங்கள் ஜெசிதான்.

மொட்டைமாடியில் கால் வைத்தோம். மேற்கே மலைத்தொடர் நீலமாக நின்றது. அதற்கும் எங்களுக்கும் இடையே ஓட்டுக் கூரைகள், தென்னைகள், மில் புகைபோக்கிகள், அவிநாசி ரோட்டில் ஊரும் பஸ்கள். அடிவானத்தில் ஒரு மேகத்திட்டு, அதற்குச் சாணளவு மேலே சூரியன். கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்தபோது கீழ்ப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க அம்மணி, மேல ஆருங்க அது?"

கட்டிடத்தின் உரிமையாளர். வெள்ளை வேட்டி, அறுபது வயதிருக்கும். மாடிக்கு வராமல், படி திரும்பும் இடத்திலேயே சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"எங்க அக்காங்க. போட்டோ எடுக்க வால்பாறையிலிருந்து வந்திருக்காங்க."

"கைப்பிடிச் செவுரே இன்னும் கட்டல. கால் தவறிப்போட்டா ஆரு பொறுப்பு? எறங்கச் சொல்லுங்க."

"நான்தானுங்க பொறுப்பு. விளிம்புல கயிறு கட்டியிருக்குங்க. என் சைட்ல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் அடிபடலீங்க."

அவர் தலையை நீட்டிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வால்பாறைல உங்க அப்பா எஸ்டேட் ஆபீசருங்களா?" என்றார்.

நானாக இருந்தால் 'எஸ்டேட்டில் வேலை' என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். ஜெசி குரலைத் தாழ்த்தவில்லை.

"இல்லீங்க. அப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுனாரு. அம்மா இலை பறிச்சாங்க. கூலிக்காரங்க லைன் வீட்டுல பொறந்தவங்க நாங்க."

"அப்படிங்களா?" என்றார் அவர். மறுபடி ஒருமுறை, மெதுவாக, "அப்படிங்களா?" பிறகு, "சரி, கயித்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் திரும்பியபோது சூரியன் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. மங்கலாக மூன்று படங்கள் கிடைத்தன, அவ்வளவுதான். ஞாயிறு மதியம் எனக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு விடியல்.

மறுநாள் இருட்டுப் பிரியும் முன்பே மேலே இருந்தோம். குளிர் உண்டு, வால்பாறைக் குளிருக்கு அது தம்பிதான். ஒரு மில்லில் சங்கு ஊதியது. கீழே டீக்கடை விளக்குகள், சைக்கிள் மணிகள், பக்கத்துக் காலேஜ் மரங்களில் காக்கைகள். கிழக்கே சூலூர்ப் பக்கம் வானம் வெளுத்தது.

படியில் மூச்சு வாங்கும் சத்தம். மஃப்ளர் கட்டிக்கொண்டு உரிமையாளர் வந்திருந்தார். கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"மொட்டைமாடிக்கு நான் ஏறுனதே இல்லீங்க அம்மணி. தலை சுத்திப்போடும். நேத்து நீங்க ரண்டு பேரும் நின்னதப் பார்த்து ராத்திரி தூக்கமே வர்ல."

ஜெசி போய்க் கை நீட்டினாள். "புடிச்சுக்கங்க. நான் இருக்கேனுங்க."

அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டு, குழந்தைபோல் அடி எடுத்து வைத்து மொட்டைமாடியின் நடுவுக்கு வந்தார். "இந்த எடத்துல சோளம் வெதைச்சவனுங்க நான்" என்றார்.

அப்போது சூரியன் வந்தது. எங்கள் மலையில் அது எதிர்முகட்டைத் தாண்டி வருவதற்குள் இலை பறிப்பவர்கள் பாதிக் கூடை நிரப்பியிருப்பார்கள். இங்கே தரையிலிருந்தே எழுந்தது. ஓடுகள் சிவந்தன, புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. ரோல் தீரும்வரை எடுத்தேன். அவற்றில் ஒரு படத்தில் மட்டும் நகரம் இல்லை. பொறியாளரின் கையை இன்னும் விடாத ஒரு முதலாளியும், சிரிப்பை அடக்க முடியாத என் தங்கையும்.

இறங்கும்போது அவர் மேஸ்திரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அம்மணி சொல்றபடியே கேட்டு நடந்துக்கப்பா."

மதியம் ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். மலையேற்றம் முழுக்க, இந்த நகரம் எனக்கும் கொஞ்சம் சொந்தம் என்ற நினைப்பு கூடவே வந்தது.

படங்கள் கழுவி வந்ததும், மலருக்குத் தேர்ந்தெடுத்த விடியல் படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். ஜன்னலோர மேசையில் வைத்து மூலைமூலையாகத் தேடினாள்.

"இதுல ஜெசி கட்டுனது எது?"

"அது தெரியாதும்மா. அதுமேல நின்னுதான் எடுத்தேன்."

அம்மா யோசித்தாள். பிறகு படத்தின் கீழ் விளிம்புக்கு வெளியே, வெறும் மேசைப்பலகையின்மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

"அப்ப இங்க இருக்கு" என்றாள்.