வில்லுக்கு அடியில் மழை

வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு, மேற்கே இறங்கிய வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சித்தப்பா நின்ற கோலம்தான் முதலில் கண்ணில் வருகிறது. ராயபுரம் கடற்கரை, ஆவணி மாதத்து மாலை. எனக்கு ஏழு வயது, தம்பி இன்னும் சின்னவன். விடியலில் கட்டுமரம் தள்ளிப்போன, எங்களைப் பெற்ற நைனா கரை திரும்பவில்லை. மத்தியானம் மேற்கிலிருந்து வந்த மழை கரையை அடித்துத் துவைத்துவிட்டுக் கடலுக்குள் போயிருந்தது.

தேடப் போவதற்காகச் சித்தப்பாவும் குப்பத்து ஆட்களும் ஒரு கட்டுமரத்தைத் தண்ணீர்வரை தள்ளிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா கடல்மேல் வானவில் வரவேண்டும்! அம்மா மண்டியிட்டுவிட்டாள். இனி வெள்ளத்தால் உலகை அழிக்கமாட்டேன் என்று சர்வேசுரன் நோவாவுக்குக் கொடுத்த வாக்கின் அடையாளம் அது என்று கோயிலில் கேட்டே வளர்ந்த குப்பம் எங்களுடையது. "வில்லு வந்துடிச்சி. இனிமே கடலு ஒண்ணியும் பண்ணாது, அவரே வந்துடுவாரு. நீங்க வேற போயி மாட்டிக்காதீங்க" என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை. மரத்தைத் திரும்ப மணலில் இழுத்துப் போட்டார்கள். பெண்கள் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள்.

"இத்த யாரு கட்னாங்க சித்தப்பா?" என்றான் தம்பி. துறைமுகத்தில் கப்பல் தளம் கழுவப் போனவர் சித்தப்பா. குழாய்த் தண்ணீர்ச் சாரலில் வில்லைப் பார்த்துப் பழகியவர். மனம் லேசாகியிருந்ததால் விளையாட்டாய்ச் செம்புத் தண்ணீரை வாயில் அடக்கிப் பூவென்று ஊதினார். ஒரு கணம் குட்டி வில் ஒன்று நின்றது. "பாத்தியா? வெயிலு முதுகாண்ட, தண்ணி மூஞ்சிக்கு முன்னால. துளிக்குள்ள வெயிலு பூந்து கலர் கலரா வெளிய வருது. துளி நின்னா வில்லும் பூடும்."

"அப்போ நைனாவாண்ட இன்னும் மழ பேஞ்சிகினு கீதா?" என்றான் தம்பி.

சித்தப்பா செம்பைப் போட்டுவிட்டு ஓடினார். ஆட்களைக் கத்திக் கூப்பிட்டு மரத்தைத் தள்ளுவதற்குள் இருட்டிவிட்டது. விடிந்து திரும்பியபோது நைனாவின் துடுப்பு மட்டும் அவர்களிடம் இருந்தது.

இன்று என் பேத்தி அதே விளக்கத்தைப் பள்ளிப் பாடமாக ஒப்பிக்கிறாள். சரியென்று தலையாட்டுகிறேன், வேறென்ன செய்ய. அம்மா மட்டும் அதை ஏற்கவே இல்லை. ஒரு ஞாயிறும் பூசை தவறமாட்டாள், சர்வேசுரன்மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. கோபமெல்லாம் சித்தப்பாமேல்தான். "இவன் வாய வச்சிகினு சும்மா இருந்திருந்தா அந்த வாக்கு நின்னுருக்கும். அவரு வந்திருப்பாரு" என்பாள். சித்தப்பா செத்தபோதுகூட அம்மா போய் முகம் பார்க்கவில்லை.