நான்கு பற்றறிகள்

நான் பொய் சொன்னேன். சாகக் கிடந்த ஒரு மனிதர் தன் மகனின் குரலைக் கேட்க ஆசைப்பட்டபோது, அலுமாரிக்குள் நான்கு புதுப் பற்றறிகளை வைத்துக்கொண்டு, இல்லை என்றேன்.

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது என்ற துணிவு... அவ்வளவுதான்!

கொக்குவிலில் எங்கள் வீட்டில் என் பொருள்களை யாரும் தொடமாட்டார்கள். மணிக்கூடு, கமரா, கசற் றெக்கோடர் எல்லாம் வாங்கிய பெட்டியோடும் பற்றுச்சீட்டோடும் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் கோயிலுக்குப் போய்விட, நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதில் எனக்குப் பெரிய தலைக்கனம்.

தொண்ணூறில் சண்டையோடு மின்சாரம் போயிற்று. பற்றறி வருவதும் தடைப்பட்டது. செத்துப்போன பற்றறிகளைச் சனம் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்த்த காலம் அது. அந்த நான்கையும் நான் முன்பே வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். எதற்கு? அவசரத்துக்கு! எந்த அவசரத்துக்கு? அதை மட்டும் யோசித்ததே இல்லை.

பக்கத்து வளவில் பூமணியக்காவும் அவர் கணவர் செல்லத்துரை அண்ணையும் இருந்தார்கள். ஒரே மகன் ஜேர்மனியில். அப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் தாங்கள் கதைப்பதைக் கசற்றில் பதிந்து அனுப்புவார்கள். தொண்ணூற்று மூன்றில், அண்ணை ஈரல் வருத்தத்தோடு படுக்கையில் விழுந்திருந்தபோது, அப்படி ஒரு கசற் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது.

அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவந்தார்.

"தம்பி, உன்ரை கசற் பெட்டியை ஒருக்காத் தருவியே? இவர் பிள்ளையின்ரை குரலைக் கேக்கவேணும் எண்டு அந்தரப்படுறார். பற்றறி ஏதும் கிடக்கோ?"

"பற்றறி இல்லையக்கா. இப்ப ஆரிட்டைக் கிடக்கு? சைக்கிள் டைனமோவிலை போட்டுப் பாப்பம். நான் வந்து உழக்கிறன்."

யோசிக்காமலே வந்தது அந்தப் பொய். உறையைப் பிரித்தால் புதுசு பழசாகிவிடும்... வேறு காரணம் ஒன்றுமில்லை. நம்புகிறீர்களா?

பட்டப்பகலில், அண்ணையின் கட்டிலருகே சைக்கிளை நிறுத்தி, டைனமோ வயரை றெக்கோடரில் கொழுவி, ஏறி இருந்து உழக்கினேன். ஊரெல்லாம் அப்படித்தான் றேடியோ கேட்டது. ஆனால் கசற் றேடியோ மாதிரி இல்லை. கால் கொஞ்சம் தளர்ந்தால் குரல் இழுபட்டு முனகியது. விரைந்தால் கீச்சிட்டது.

அண்ணை தலையை நிமிர்த்திக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"உது என்ரை பெடியன் இல்லை. ஆரோ கதைக்கினம்."

"அவன்தானப்பா! வடிவாக் கேளுங்கோ, அவன்தான்!" அக்கா அழுதார்.

வேலிக்கு அப்பால்தான் என் அலுமாரி. இறங்கிப் போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் எடுத்து வந்தால் நான் பொய்யன் ஆகிவிடுவேனே! அதனால் இன்னும் பலமாக உழக்கினேன். பற்றறிக்கு ஈடாக என் காலைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேனா? நினைத்தேன். வெட்கமில்லாமல் நினைத்தேன்.

"நிப்பாட்டச் சொல்லு. தம்பி களைச்சுப்போனான்" என்றார் அண்ணை. என் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப்போலை ஆர் செய்வினம்?" என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். செத்த வீட்டில் அக்கா என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான் உழக்கினவன்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். எனக்கு நிற்க நிலம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பற்றறிகளின் உறையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நான்கையும் றெக்கோடருக்குள்ளேயே போட்டு மூடினேன், யார் கண்ணிலும் படாதபடி. அதன் பிறகு அந்தப் பெட்டியைத் துடைக்க எடுக்கவே இல்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். மற்றவர்கள் அரிசியையும் பிள்ளைகளையும் சுமந்து வர, நான் அந்தப் பெட்டியைச் சுமந்து வந்தேன். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அக்காவும் நாங்களும் ஒன்றாக இருந்தோம். ஒருநாள் அக்கா கசற்றோடு வந்தார். மற்றக் கையில் நான்கு பற்றறிகள்!

"அடுத்த அறையிலை ஒரு மனிசி, தம்பி. பேரும் தெரியாது. கேட்ட உடனை தன்ரை றேடியோவாலை கழட்டித் தந்தவ. ஒருக்கா முழுக்கக் கேப்பம்."

நான் தடுப்பதற்குள் அக்கா பின்மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே நான்கும் ஊறி வழிந்து, கம்பிச் சுருள்களெல்லாம் பச்சை பிடித்து இற்றுப்போயிருந்தன.

அக்கா தன் கையில் இருந்ததைப் பார்த்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார்.

"உது எப்ப போட்டது, தம்பி?"

"போன வருசம்... ஆரோ தந்தது அக்கா."

இரண்டாவது பொய்!

அக்கா பின்மூடியைத் திரும்பப் பூட்டினார். பிறகு கசற்றை என் கைக்குள் வைத்தார். "நீயே வைச்சிரு. சாமானை வடிவா வைச்சிருக்கிறது நீதானே." பற்றறிகளைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

அந்தக் கசற் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல். இப்போது வீட்டில் மின்சாரம் இருக்கிறது. போட்டுக் கேட்க ஒரு பெட்டியும் இருக்கிறது. ஆனாலும் நான் போடவில்லை... அந்தப் பெடியனின் குரல் தெளிவாகக் கேட்டுவிடும் என்ற பயம்.