ரேடியோ இன்ஸ்பெக்டரிடம் கொடுத்த பிராது

அந்த இன்ஸ்பெக்டரை நேரில் பார்க்கும் வரைக்கும், அவருக்கு ஆறடி உயரமும் கிடா மீசையும் இருக்கும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். குரல் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருச்சி ரேடியோவில் போலீஸ் நாடகம் வரும். அதில் அவர் ரிட்டயர் ஆகப்போகிற பெரிய இன்ஸ்பெக்டர். சிரிக்கவே மாட்டார். கூட வேலை பார்க்கிற போலீஸ்காரரை "மடையா" என்பார். ஜமீன்தார் வந்தாலும் அதே கடுகடுப்புதான். சந்தேகப்பட்ட ஆள் எதிரே வந்து உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம். மேலே சொல்லு" என்பார். அப்புறம் பேசவே மாட்டார். அடேயப்பா, அந்தச் சும்மா இருக்கிற நேரம் இருக்கிறதே! ஆவுடையார்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எதிராளி உளறிவிடுவான்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஊருக்குக் கரண்டு வரவில்லை. பாட்டரியில் ஓடுகிற பஞ்சாயத்து ரேடியோ ஒன்று இருந்தது. அதைப் போடுவது, நிறுத்துவது, பூட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வயசு. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிவேன், கலெக்டர் கெட்டார் போங்கள்.

எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அந்தக் குரல் பெட்டிக்குள் எங்கேதான் இருக்கிறது? ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடிக் குப்பி மாதிரி வால்வுகள். ஒன்றை மெல்ல ஆட்டி உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கை வேர்த்திருந்தது. வழுக்கிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்து நொறுங்கிவிட்டது. சில்லுகளைப் பொறுக்கி ஊரணியில் போட்டேன். போட்டுவிட்டு நேரே பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போய், "ரேடியோ வால்வை எவனோ களவாண்டுட்டானுங்க" என்றேன். என் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

ஊர் என்ன கேனையா? சாவி என்னிடம். அறந்தாங்கியில் கொண்டுபோய் விற்றுவிட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. கூட்டம் போட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அய்யனார் கோவிலில் சூடம் ஏற்றுவது, நான் களவாணி இல்லை என்று சத்தியம் பண்ணிக் கையால் அணைப்பது என்று தீர்ப்பாயிற்று. பொய்ச் சத்தியம் பண்ணினால் அணைத்த கை விளங்காது, குடும்பம் துலங்காது. எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

ஆத்தா கூட்டத்துக்குள் வந்து நின்றாள். அப்பா செத்த நாலு வருஷத்தில் அவள் கூட்டத்தில் பேசியதே கிடையாது. "எம்மகன் தொட்டிருக்க மாட்டான். அவன் எதுக்கு அணைக்கணும், நான் அணைக்கிறேன்" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. வீட்டில் வைத்துக் கேட்டாள். "இல்ல ஆத்தா" என்றேன்.

மறுநாள் ஆத்தாவுக்கு ஒரு யோசனை. "திருச்சிக்குப் போயி பெரிய இன்ஸ்பெக்டருகிட்ட ஒரு பிராது குடுத்துருவோம். அவரு களவாணியப் புடிச்சிருவாரு. சூடத்துக்கே வேலை இல்ல."

"ஆத்தா, அது நாடகம். அவரு நடிக்கிறாரு."

"கொலகாரனப் புடிச்சாரே, நீயுந்தான கேட்டுக்கிட்டு நின்ன?"

ஆளைப் பார்த்தால் அவளுக்கே விளங்கிவிடும், ஒரு பொழுதும் கழியும் என்று கிளம்பினேன். அறந்தாங்கியில் ஒரு பஸ், புதுக்கோட்டையில் ஒரு பஸ் மாறி, ரேடியோ ஸ்டேஷன் வாசலில் போய் நின்றோம். ஒத்திகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வாசல்காரர், "அந்தா, அவருதான்" என்று கையைக் காட்டினார்.

ஒல்லிக்குச்சி மனுசன். மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் குடை, கையில் டிபன் கேரியர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆத்தா அசரவே இல்லை. "மாறுவேசத்துல இருக்காரு. நீ கம்முனு வா" என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறிப்போனார். "அம்மா, நான் போலீஸ் இல்லீங்க. ஒரு ஆபீசுல குமாஸ்தாங்க."

"தெரியுதுங்கய்யா. வெளிய அப்படித்தான சொல்லணும்" என்றாள் ஆத்தா, குரலைத் தாழ்த்தி.

அவர் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். செருப்பில்லாத ஆத்தாவின் காலைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, குடையைச் சுவரில் சாத்திவிட்டு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, முழுக்கதையையும் கேட்டார். வெள்ளிக்கிழமை இவள்தான் சூடம் அணைக்கப்போகிறாள் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அவள் மனம் நோகாமல் அனுப்பிவைக்கலாம் என்றுதான் நினைத்திருப்பார். என் பக்கம் திரும்பினார். செருமினார்.

"ம். மேலே சொல்லு."

ஐயோ, அதே குரல்! பெட்டி இல்லை, பாட்டரி இல்லை, வால்வு இல்லை. பட்டப்பகலில், ரெண்டு முழத் தூரத்தில், அந்தக் கோழிக்கழுத்துக்குள்ளிருந்து அப்படியே வருகிறது. மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. இவர் குமாஸ்தா என்று தெரியும், நாடகக்காரர் என்று தெரியும். தெரிந்து என்ன? அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்தாவின் வலதுகை மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"நாந்தான் ஒடச்சேன். பாக்குறேன்னு எடுத்து, கைதவறி ஒடச்சுப்புட்டேன்" என்று கத்தியேவிட்டேன்.

என்னைவிட அவர்தான் பயந்துபோனார். துள்ளி எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இதுக்கு மேல எனக்கு வசனம் இல்லையேப்பா" என்றார், தன் சொந்தக் குரலில்.

ஆத்தா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பெரிய உபகாரமுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். புதுக்கோட்டை வந்து பஸ் மாறி ஏறினோம். ஆத்தா திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"ஆத்தா, எறங்குனதும் நேரா தலைவருகிட்டப் போயி நானே சொல்லிர்றேன். ஒன்னைய அணைக்க விடமாட்டேன்" என்றேன்.

"சொல்லு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அறந்தாங்கி கிட்டத்தில் வந்ததும் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை முகத்தில்.

"பெத்தவ நான் கேட்டேன், இல்லன்ன. முன்னப்பின்னத் தெரியாத அந்த மனுசன் கேட்டாரு, ஆமான்னுட்ட. எனக்குத்தான் கேக்கத் தெரியல போலருக்குய்யா."