கடல் பக்கத்து ஜன்னல்

மதியம் மின்சாரம் நின்றதும் மனைவி கடலைப் பார்த்த கிழக்கு ஜன்னலைத் திறந்தாள். துருப்பிடித்த கொக்கி கிறீச்சிட்டது. சிறுவயதில் இதே சேலையூர் வீட்டில் கேட்ட சத்தம்.

அன்று கைக்குழந்தையான என் தங்கை உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வீறிட்டு அழுதாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அம்மா பயந்துபோயிருந்தாள். பூகோள வாத்தியாரான அப்பா ஜன்னலைத் திறந்துவிட்டு, "தரைதான் சூடாயிடுச்சு, கடல் இன்னும் குளிர்ச்சியாத்தான் இருக்கு. காத்து இந்தப் பக்கம் வந்துதான் ஆகணும்" என்றார். சற்று நேரத்தில் காற்று வந்தது. தங்கை அப்படியே தூங்கிப்போனாள்.

இப்போது கடலும் சூடாகிவருகிறது என்கிறார்கள். பிற்பகல் சாய்ந்தும் மாடிக் கொடியில் துணி அசையவில்லை. என் மகளின் உடம்பு கொதித்தது, அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"காத்து வருமாங்க?" என்றாள் மனைவி.



"இனி காத்தை நம்பி இருக்க முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், கிளம்பு" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.