அம்மனுக்கு உப்பு மதில்

எங்கள் குப்பத்து அம்மன் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக் கண்மலர் ஒட்டியிருக்கும். நான்கு சிமெண்டுத் தூணுக்கு நடுவில், தகரக் கூரையின் கீழ், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றுவது எங்கள் வீட்டு முறை. அப்பாவுக்குப் பிறகு நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மந்திரம் எதுவும் தெரியாது. "தாயே, படகு நல்லபடியா திரும்பணும், வீட்டுல யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது" என்று வாயில் வருவதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவளும் இதுவரை தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆன காலத்தில் அவளுக்கும் கடலுக்கும் நடுவே படகு ஏற்றலாம், வலை காயப்போடலாம், அதற்கும் அப்பால் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம். அப்புறம் தெற்கே ஒவ்வொரு ஊராகக் கருங்கல் கொட்டிக்கொண்டே வந்தார்கள். கொட்டிய ஊரில் கரை நின்றது. கடலின் பசி அடுத்த ஊருக்கு நகர்ந்தது. எங்களிடம் முதலில் கிரிக்கெட் போனது, பிறகு வலை காய்ந்த இடம் போனது, பிறகு இரண்டு தென்னை. என் பெண்ணுக்குக் கல்யாணம் செய்த வருஷம் அம்மனுக்கு முன்னால் பதினைந்தடி மணல்தான் மிச்சம்.

மாப்பிள்ளைக்கு ஊர் எங்களுக்கு வடக்கே அனுமந்தை. மீனவர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் மீன் பிடிப்பதில்லை. வெளியூர்க்காரர்களுக்குப் பலகை மேல் ஏறி அலையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார். சர்ஃபிங் என்கிறார்கள். முப்பது வருஷமாக அலையில் கவிழாமல் இருக்கப் பாடுபட்டவன் நான். கவிழ்வதற்கென்றே சென்னையிலிருந்து விடிகாலையில் கார் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள் என்பதை நம்பவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எங்கள் குப்பத்து அலை பழகுகிறவர்களுக்கு ரொம்பத் தோதாம். கல்யாணமான கையோடு சவுக்குத் தோப்பு ஓரம் கொட்டகை போட்டுப் பலகைகளை அடுக்கிவிட்டார். சனி, ஞாயிறென்றால் கரையில் திருவிழாக் கூட்டம். பெண் பக்கத்திலேயே இருப்பதில் என் மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சிக்கல் வந்தது மனுவால். கடற்கரை நெடுகக் கல் கொட்ட வேண்டும், கடலுக்குள் நீட்டித் தூண்டில் வளைவும் கட்ட வேண்டும் என்று குப்பத்தில் கூடிப் பேசி முடிவானது. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் மனுவை எழுதும் பொறுப்பு எனக்கு. "எங்கள் அன்னையின் ஆலயம் கடல் கொள்ளும் அபாயத்தில் உள்ளது" என்று முதல் வரி எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

அன்று மாலை மாப்பிள்ளை வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கல் கொட்டினால் அலை கல்லில் மோதித் திரும்புமாம். அலை ஒழுங்காக உடைந்து வர அடியில் மணல் திட்டு வேண்டுமாம், அது போய்விடுமாம். அது போனால் பழக வருகிறவன் கல்லில் மண்டையை உடைத்துக்கொள்வான், கொட்டகையைப் பிரித்துக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்றார்.

மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் எதிர்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எனவே நிலைப்படியில் நின்ற என் மனைவியைப் பார்த்து, அம்மன் பெரிசா அலை பெரிசா என்று கேட்டேன். மாப்பிள்ளையும் அத்தையைப் பார்த்தே, அம்மனைக் கொஞ்சம் மேற்கே தோப்போரம் நகர்த்தி வைத்தால் இரண்டும் பிழைக்குமே என்றார். காவலுக்கு உட்கார்ந்தவளைப் பின்வாங்கு என்று சொல்ல நான் யார் என்று மறுபடியும் மனைவியிடமே கேட்டேன். இப்படி நாலைந்து முறை அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள் கடைசியில். "ரெண்டு பேரும் எதிர் எதிர்லதான உக்காந்திருக்கீங்க?"

மனு போனது. துறையிலிருந்து இன்ஜினியர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அவர் வரும்போது கோயில் நின்றால்தான் காப்பாற்ற வேண்டிய கட்டடம் என்று கணக்கில் வரும், விழுந்துவிட்டால் எதைக் காப்பாற்ற என்று கேட்பார்கள் என விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதுவரை அம்மனை நிறுத்தி வைக்க வேண்டும். மூட்டை அடுக்கலாம் என்றால் கரை மணலை அள்ளக் கூடாது என்று தடை. வேறு எதை நிரப்புவது?

அப்போதுதான் என் மச்சான் வந்தார். மனைவியின் தம்பி. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். போன மழையில் மேலே மூடிய கீற்று பறந்து ஒரு அம்பாரம் நனைந்து, சேறு கலந்து, வியாபாரி தொடவே மாட்டேன் என்று சொன்ன உப்பு அவரிடம் மலையாகக் கிடந்தது. "பாறை மாதிரி இறுகிடுச்சு மாமா. கடப்பாரை போட்டாத்தான் உடையுது. மூட்டை கட்டி அனுப்புறேன், அம்மனுக்கு என் காணிக்கையா இருக்கட்டும்" என்றார்.

இங்கே நான் யோசித்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உப்பு என்றதும் எனக்குக் கடல் நினைவுக்கு வரவில்லை. அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்வதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பொட்டலம் கொட்டினதற்கே என் மகளின் கையில் இருந்த மரு உதிர்ந்தது. பொட்டலத்துக்கே அப்படியென்றால் இரண்டு வண்டிக்கு எப்படி இருக்கும்! உடம்பு சிலிர்த்துவிட்டது.

இரண்டு குட்டியானை வண்டியில் மூட்டைகள் வந்து இறங்கின. இடுப்பளவுக்கு மூன்று வரிசை அடுக்கினோம். பெண்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் குங்குமம் வைத்தார்கள். மாப்பிள்ளை ஈரத் தலையோடு வந்து ஒரு மூட்டையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மாமா, இது உப்புதானே?"

"போன மழைக்கே கரையாத உப்பு, மாப்பிள்ள" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

அவர் தலையாட்டிவிட்டுப் பலகையை எடுக்கப் போனார். மரியாதை தெரிந்த பிள்ளை.

ஒரு வாரம் கடல் அந்தப் பக்கமே வரவில்லை. சர்ஃபிங் பழக வந்தவர்கள் மதிலின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நாலு பேர் மிளகு வாங்கி வந்து மூட்டை மேல் தூவினார்கள். மச்சான் தினமும் போன் போட்டு "மதில் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். பெரியமுதலியார்சாவடியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இப்படி ஒன்று கட்டிக்கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அமாவாசையன்று காலை விளக்கேற்றப் போனபோது மதில் முட்டி அளவுக்கு இருந்தது. மணலில் இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பூ வைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் கணுக்கால் அளவு. அலை வந்து தொட்டுத் தொட்டுப் போக, மூட்டைகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டன. கொஞ்ச நேரத்தில் கொடியில் காயப்போட்ட பனியன்கள் மாதிரி காலிச் சாக்குகள் வரிசையாகக் கிடந்தன. குங்குமம் மட்டும் அழியவில்லை.

இன்ஜினியர் வர வேண்டிய நாளும் அதுவே என்பது எனக்குத் தெரியாது. ஜீப்பைத் தோப்பில் நிறுத்திவிட்டுப் பேண்டை மடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஒரு சாக்கை எடுத்து உதறினார். விரலில் ஒட்டிய வெள்ளையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"பெரியவரே, இது என்னங்க?"

"தற்காலிகத் தடுப்பு, சார்."

"உப்பா?"

"அழுக்கு உப்பு, சார்."

அவர் கடலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மதிலைப் பார்க்க அன்றைக்கென்று நேரில் வந்திருந்த மச்சான் இடையில் புகுந்து, "பத்தலைன்னா இன்னும் ரெண்டு வண்டி அனுப்பலாம் சார்" என்றார். இன்ஜினியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

நல்ல மனுஷன், கேலி செய்யவில்லை. கோயிலின் முன்பக்கத் தூண்களுக்கு அடியில் குனிந்து பார்த்து என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு தூணும் அந்தரத்தில் தொங்கின. கல் வருவதானாலும் கோப்பு மேலே போய் வரப் பல மாதம் ஆகும், அடுத்த பெரிய கடல் அதற்கெல்லாம் காத்திருக்காது என்றார். கல் கொட்டினால் இந்தப் பசி வடக்கே இருக்கிறவர்களுக்குப் போகும் என்பதையும் சொன்னார். வடக்கேதான் மாப்பிள்ளையின் அம்மா வீடு.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உப்பு கரையிற மாதிரி கஷ்டம் கரையணும்னுதான வேண்டிக்கிறோம்? உப்பு கரைஞ்சிடுச்சு. எழுந்து சாப்பிடுங்க" என்றாள். பிறகு, "நகர மாட்டேன்னு அவளா சொன்னா? நீங்கதான சொன்னீங்க. அவளையே கேளுங்க" என்றாள்.

கேட்பது என்றால் பூ கேட்பது. அம்மன் தலையின் இரண்டு பக்கமும் பூ வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடப்பூ என்றால் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை குப்பமே கூடியது. கடல் காற்று குறுக்கே வந்துவிடாமல் பெண்கள் இரண்டு புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். பூவை வைத்துவிட்டு, "தாயே, நகரலாமா?" என்று கேட்டேன்.

எந்தப் பூவும் அசையவில்லை. அரை மணி, ஒரு மணி. புடவை பிடித்தவர்களுக்குக் கை கடுத்து ஆள் மாறினார்கள். யாரோ டீ வாங்கப் போனார்கள். நான் அழாத குறையாக நின்றேன். இருபத்தைந்து வருஷம் விளக்கேற்றிய கை. உப்பு விஷயத்தில் அவளுக்கு என் மேல் கோபமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

முதல் வகுப்பு முடிந்து மாப்பிள்ளை அப்படியே தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். ஓரமாக நின்று கும்பிட்டவர், பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது போலப் பேசினார். "அம்மா, எங்க மாமா உன்ன இறங்கிப் போன்னு சொல்லல. நீ பின்னால நின்னு பாத்தாலும் எங்களுக்குக் காவல்தான். கொஞ்சம் தள்ளி உக்காரும்மா."

வலப்பூ விழுந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், நான் ஒரு மணி நேரம் கேட்டு வராத பதில் இவருக்கு ஒரு நிமிஷத்தில் வந்ததை அன்று முழுக்க மனசு ஜீரணிக்கவில்லை என்பதும் உண்மை.

அவளை எதில் தூக்கிப் போவது என்று அடுத்த தகராறு. வழியில் தரையில் படக் கூடாது. டிராக்டர் மணலில் புதையும். கட்டிலில் வைக்கலாம் என்று மச்சான் சொன்னதற்கு, அது பிணம் தூக்குகிற முறை என்று என் மனைவி அவர் வாயை அடைத்தாள். கடைசியில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான நீளப் பலகையை மாப்பிள்ளை கொண்டுவந்தார். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, பட்டுப் புடவை விரித்து, அம்மனை ஏற்றினோம். ஈர உடையோடு சாமி தூக்குவதுதான் முறை. நாங்கள் குளிக்கக் கிளம்பினால், சென்னைப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஏற்கெனவே நனைந்து தயாராக நின்றார்கள். தோள் கொடுத்தார்கள். அம்மன் ஆடாமல் அசையாமல் பலகையில் போனாள். முதல் தடவையே நிற்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் மாப்பிள்ளை.

தோப்போரம் மேட்டில், அதே கிழக்கு முகமாக வைத்தோம். எல்லோரும் கலைந்த பிறகு வேறொரு தாளில் இன்ஜினியருக்குக் குண்டு குண்டாக எழுதினேன். எங்கள் அன்னை நகர்ந்துவிட்டாள், அவள் பேரைச் சொல்லி நான் கேட்ட கல் வேண்டாம் என்று. அதை இன்ஜினியர் என்ன செய்தார் என்று தெரியாது. கல் இன்னும் வரவில்லை.

அன்று சாயங்காலம் புது இடத்தில் முதல் விளக்கு ஏற்றிவிட்டு, வழக்கம்போல வேண்டிக்கொள்ள வாயைத் திறந்தேன். படகோடு சேர்த்துக் கடலையும் நிறுத்தி வை தாயே என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய வாய், மறுநாள் சனிக்கிழமை என்று நினைவு வந்ததும் நின்றுவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். குப்பத்து ஆட்கள் யாரும் இல்லை.

"தாயே, அலை நல்லா வரணும்" என்றேன், மெதுவாக. "படகுங்க எல்லாம் கரைக்கு வந்த பிறகு."