விளையாட்டுத் தொடங்க முதல் வெளிக்கிடுகிற பயணம்

என்ர மனிசன் பங்குனி மாதத்தில் லீவு கேட்டிருக்கிறார் என்று அறிந்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அவருக்கு டென்மார்க்கில் ஒடென்சேக்கு வெளியே பூக்கன்றுத் தோட்டத்தில் வேலை. கண்ணாடிக் கூடாரத்துக்குள் சாடி சாடியாகப் பூக்கன்று வளர்க்கிற இடம். ஈஸ்டருக்கு முதல் அங்கே மூச்சுவிட நேரம் இல்லை. இருபத்து நாலு வருசமாக அவர் பங்குனியில் ஒரு நாள் வீட்டில் நின்றதில்லை. காய்ச்சலோடும் போனவர். அப்படிப்பட்டவர் இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்கிற ஒரு மனிசி கடையில் கண்டு சொன்னா.

அன்றைக்கே கேட்டேன். அமெரிக்கா போகிறாராம். அரிசோனாவுக்கு. பேஸ்போல் பார்க்க.

நான் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். அகப்பையைக் கீழே வைத்தேன்.

விளையாட்டு அவருக்குத் தூரம். கிரிக்கெட் இறுதிப் போட்டி நடக்கும்போது சோபாவில் குறட்டை விடுகிற ஆள். இலங்கை வென்றதோ தோற்றதோ என்று பிறகு என்னைத்தான் கேட்பார்.

விளக்கம் சொன்னார். அமெரிக்காவில் பெரிய குழுக்கள் எல்லாம் பங்குனியில் வெயில் உள்ள இடத்துக்கு வந்து விளையாடிப் பழகுகிறவையாம். பீனிக்ஸ் பட்டினத்தைச் சுற்றிப் பத்து மைதானம். ஒவ்வொரு நாளும் விளையாட்டு. வென்றாலும் தோற்றாலும் கணக்கில் சேராதாம்.

கணக்கில் சேராத விளையாட்டைப் பார்க்க ஆராவது இவ்வளவு கடல் தாண்டிப் போவார்களா? கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

நானும் வாறன் என்று சொல்லிப் பார்த்தேன். உமக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார். நான் மன்னாரில் பிறந்தவள்.

டோஸ்ட்ருப்பில் இருக்கிற மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் டெனிஷில் சிரித்தாள். அப்பாவுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே, நீங்கள் ஏன் பொலிஸ் மாதிரி நிக்கிறீங்கள் என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கு என்று நினைத்தேன். அவளையும் சந்தேகப்பட்டேன்.

முதலில் பொம்பிளை என்று நினைத்தேன். கன நேரம் நினைக்கவில்லை. இந்த மனிசனுக்காகப் பத்து மைதானத்தில் ஒருத்தி வெயில் காய்ந்துகொண்டு நிற்க மாட்டாள்.

பிறகு வருத்தம் என்று நினைத்தேன். நான் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே கண்டிருக்கிறேன். டொக்டர் ஏதும் சொல்லிவிட்டால் ஆம்பிளையள் வாயை மூடிக்கொண்டு தூர இடத்துக்கு வெளிக்கிடுவார்கள். ஒருவர் கிறீன்லாந்து போக நின்றவர். போகவில்லை. அதனால் இவருடைய குளிசைப் பெட்டியைப் பார்த்தேன். பிரஷர் குளிசை மட்டும்தான். அதே எண்ணிக்கை.

மெஷினில் போட முதல் சட்டைப் பை பார்க்கிறது எனக்கு வேலைப் பழக்கம். வீட்டிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பேனை, தோட்டத்து மண், நூல் நாடா.

அலுமாரியில் காலுறைகளுக்குப் பின்னால் ஒரு கொப்பி இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் பத்து. இரண்டு பேரும் கொப்பி வைத்து எழுதுகிற ஆட்கள் இல்லை. இவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு மைதானம். கேற் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தப் பக்கம் நிழல், பஸ் எங்கே நிற்கும். இதெல்லாம் சரி. குழுக்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆர் ஆரோடு விளையாடுகிறது என்று எங்கேயும் இல்லை.

அதைவிட மோசம் நேரம். விளையாட்டு ஒரு மணிக்கு என்றால் இவர் பதினொன்றுக்கு உள்ளே போகிறார். பன்னிரண்டரைக்கு வெளியே வருகிறார். பின்னேரம் வேறொரு மைதானம். அங்கேயும் அப்படித்தான். ரிக்கெற் எடுத்திருக்கிறார், ஒரு விளையாட்டும் பார்க்கிறதில்லை. தொடங்க முதல் வெளிக்கிடுகிறார்.



திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு நிறம் எழுதியிருந்தது. சிவப்புச் சட்டை. நீலச் சட்டை. பச்சை. அந்தப் பக்கங்களைக் கோடு போட்டு வெட்டியிருந்தார். வெட்டாதது மூன்று. அந்த மூன்றிலும் மஞ்சள் சட்டை என்று இருந்தது.

அப்போதுதான் விளங்கியது.

போன கோடையில் டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாணம். கனடாவில் இருந்து வந்த ஒருவர் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தார். எங்கட மேசைக்கும் வந்தார். "உங்கட தமையன் இப்ப பென்சன் எடுத்திட்டார், பங்குனியில பேஸ்போல் மைதானத்தில சீற் காட்டுறார்" என்றார். படத்தில் மஞ்சள் சட்டையும் வைக்கோல் தொப்பியும் போட்ட கிழவன். பின்னால் புல். எந்த மைதானம் என்று தெரியாது. என்ர மனிசன் போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். எந்த இடம் என்று கேட்கவில்லை. கேட்டால் கதை போகும். தம்பி விசாரித்தவன் என்று அங்கே போய்ச் சேரும்.

அண்ணனும் தம்பியும் பதினாலு வருசமாகக் கதைக்கிறதில்லை. தமையன் பீனிக்ஸில் இருக்கிறார் என்று தெரிந்தும் நான் அந்தப் பக்கம் நினைக்காதது அதனால்தான். எங்கட மகளின் கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகுதான் இவர் தமையனுக்குச் சொன்னவர். நாள் வைக்க முதல் மூத்தவரைக் கேட்கவேணும். எங்கட ஆட்களில் அதுதான் முறை. மண்டபம் கிடைக்கிற அவசரத்தில் இவர் மறந்துவிட்டார். தமையன் போனில் கேட்டார், "எனக்குச் சொல்லுறதோ, என்னைக் கேக்கிறதோ?" என்று. இவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அவர் வைத்துவிட்டார். கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் மாமி, இவர்களின் அம்மா, செத்தா. இவர் செத்தவீட்டுக்குப் போனார். தமையன் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனார். ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுத்தார்கள், மூன்று கிழமை வித்தியாசத்தில்.

கொப்பியை இருந்த இடத்தில் வைத்தேன். இனி நான் ஒளித்ததையும் எழுதவேணும்.

அந்தச் சண்டை நடந்த கிழமையே இவர் எனக்குச் சொன்னார், அந்த வீட்டுக் கதை இந்த வீட்டுக்குள்ளே வரக்கூடாது என்று. நான் ஓம் என்றேன். கொண்டுவரவில்லை. வேலையிடத்தில் வைத்துக் கதைத்தேன். தமையனின் மனிசியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. ஒவ்வொரு நத்தாருக்கும், ஒவ்வொரு ஈஸ்டருக்கும், உடுப்பு மெஷின் சுத்துகிற சத்தத்தில் அக்காவோடு கதைப்பேன். இவர் உயிரோடு இருக்கிறார், அவர் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான் கதை.

போன நத்தாருக்கு அக்கா சொன்னா, மனிசனுக்கு முழங்கால் ஒப்பரேசன். இந்த முறை மைதானத்துக்கு ஏலாது, வீட்டில்தான்.

மூன்று மைதானமும் வீண். மஞ்சள் சட்டையோடு நிற்கிற எல்லாக் கிழவரையும் இவர் தேடிப் பார்ப்பார். இரண்டு கிழமையும் பார்ப்பார். திரும்பி வருவார். விளையாட்டு நல்லது என்று எனக்குச் சொல்லுவார். பிறகு ஒரு நாளும் போக மாட்டார். அவருக்கு அறுபத்து நாலு. தமையனுக்கு எழுபத்து மூன்று.

சொன்னால் பதினாலு வருசம் ஒளித்தது வெளியே வரும். நாலு நாள் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் அவர் என்னைப் பார்த்த மாதிரி வேறை. கொப்பி இடம் மாறி இருந்ததோ தெரியாது.

ஐந்தாம் நாள் ஞாயிறு. பூசையால் வந்து அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்தேன்.

"அவர் இந்த முறை நிக்க மாட்டார்" என்றேன்.

"ஆர்?"

"மஞ்சள் சட்டை."

கத்தி நின்றது. பிறகு உரித்தார்.

"முழங்கால் வெட்டினது. வீட்டிலதான் இருக்கிறார்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"அக்கா."

"எத்தினை நாளாக் கதைக்கிறீர்?"

"பதினாலு வருசம்."

அவர் உரித்த கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டார். இன்னொன்றை எடுத்தார். "வேற என்ன கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. மகளுக்குத் தெரியுமோ என்றார். தெரியாது என்றேன். அதையும் நம்பவில்லை. நான் வாறது அங்கே தெரியுமோ என்றார். நான் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அதை மட்டும் நம்பினார் போல.

கோபிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபிக்கவில்லை. அவருக்குக் கவலை வேறை. கிழங்கு முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அங்க வாசல்ல நிக்கிறவைக்கு அதுதான் வேலை. ஆர் வந்தாலும் அவைதான் முதல் கதைக்கவேணும். ரிக்கெற்றைக் காட்டு, வா, இதுதான் உன்ர இடம் எண்டு. நான் வாய் திறக்கத் தேவையில்லை."

அதுதான் திட்டம். போன் எடுத்தால் இவர் பணிந்ததாகிவிடும். கதவைத் தட்டினாலும் அப்படித்தான். மைதானத்து வாசலில் தமையன் முதல் கதைத்தே ஆகவேணும், சம்பளத்துக்கு நிற்கிறவர். அதற்குத்தான் ஒரு குளிர்காலம் முழுக்க நூலகத்துக் கொம்பியூட்டரில் இருந்து மைதானப் படங்களைப் பார்த்துச் சட்டை நிறம் எழுதியிருக்கிறார்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"கதவை அக்காதான் திறப்பா" என்றேன்.

"அந்தாள்?"

"கதிரையில. எழும்ப ஏலாது."

அவர் யோசித்தார்.  அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"அப்ப நான் போய் முன்னால நிப்பன்."

"ஓம்."

"ஒண்டும் கதைக்காமல் நிப்பன்."

"ஓம்."

"வீட்டுக்கு வந்தவனை இரு எண்டு சொல்லாமல் அண்ணையால இருக்க ஏலாது. அம்மா அப்பிடித்தான் வளத்தவ." கத்தியைக் கழுவினார். "அது காணும்."

விலாசம் கேட்டார். சொன்னேன். காலுறைப் பக்கம் போய்க் கொப்பியை எடுத்துவந்து, மூன்று மைதானத்தையும் கோடு போட்டு வெட்டி, கடைசிப் பக்கத்தில் எழுதினார். ரிக்கெற் எல்லாம் என்ன செய்கிறது என்று கேட்டேன். வேணுமென்றால் ஒரு விளையாட்டுப் பார்க்கலாம் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் அங்க ஒண்டும் சொல்லி வைக்கவேண்டாம். விளங்குதோ?"

"ஓம்."

"சத்தியமா?"

"ஓம்."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பதினாலு வருசம் ஒளித்தவளை நம்ப ஏலாதுதான். அவருடைய இடத்தில் நான் நின்றாலும் நம்ப மாட்டேன்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு எனக்கு இடைவேளை. அங்கே விடிய ஏழு. மெஷின் நாலும் சுத்திக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திப்போட்டு அக்காவுக்கு எடுத்தேன். அவர் வருகிறார் என்று சொன்னேன். அக்கா அழுதா. அழட்டும் என்று விட்டேன். அண்ணைக்குச் சொல்லவேண்டாம் என்றேன். சொல்ல மாட்டன் என்றா. எனக்கு அதில் சந்தேகம்தான். ஆனால் நான் எடுத்தது அதற்கு இல்லை. அக்கா நல்ல மனிசி. ஆரை வாசலில் கண்டாலும் வாங்கோ, இருங்கோ, என்ன குடிக்கிறியள் என்று ஒரே மூச்சில் சொல்லுகிற ஆள். எல்லாம் அதில் கெட்டுப்போகும்.

"அக்கா, கதவைத் திறவுங்கோ, வாங்கோ எண்டும் சொல்லுங்கோ. இருங்கோ எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

 அவவுக்கு விளங்கிவிட்டது. நாற்பது வருசம் அந்த மனிசனோடு இருக்கிறவ.

"இவர் சொல்ல நேரம் எடுப்பார், தெரியுமெல்லே. அது வரைக்கும் நிப்பாரோ உங்கட மனிசன்?"

நிப்பார் என்றேன்.