சாமி வந்ததென்று நினைத்தேன்

உகாண்டாவில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்க பாறசாலையிலிருந்து போயிருந்தேன். பக்கத்தில் அச்சோலி மக்களின் ஆட்டம் என்று கூட்டிப் போனான். சாவுச் சடங்கு என்று சொல்லவில்லை.

கொட்டு ஏற ஏற ஒருத்தி நடுங்கி ஆடினாள். நம்மூர் அம்மன் கோயில் நினைப்பில் வட்டத்துக்குள் போய்க் கைகூப்பி, "மகளுக்கு எப்போ கல்யாணம் அமையும் தாயே?" என்று கேட்டுவிட்டேன்.

கொட்டு நின்றது. எல்லோரும் என்னையே முறைத்தார்கள்.

தம்பி ஓடி வந்தான். "அக்கா, இஞ்ச வா. சாமியில்ல, மகன் செத்த துக்கமாக்கும் அது."

நான் கையை இறக்கிக்கொண்டு விலகப் போனேன். அவளோ என் கூப்பிய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஊருக்கு வந்தும் மனசு நிலைகொள்ளவில்லை. இப்போது கோயிலில் யார் ஆடினாலும் குறி கேட்பதில்லை. ஆட்டம் அடங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுல எல்லாருக்கும் சுகந்தானா மக்கா?" என்று கேட்கிறேன். போன கொடைத் திருவிழாவில் ஒருத்தி அப்படியே என் மடியில் சாய்ந்துவிட்டாள்.